'வெறும் பழம்தானே!': ஒரு நுங்குக் கிண்ணத்தின் திரைமறைவு வேலைகள்

மே மாதத்தில் சொந்தக்காரர்கள் வருகிற நாளன்று எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தால், உள்ளே ஓர் இனிப்பு உருவாகிக்கொண்டிருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று. ஒன்றின்மேல் ஒன்றாக எட்டு கண்ணாடிக் கிண்ணங்கள், எல்லாம் காலி. கீழ்த்தட்டில் தோல்கூடச் சீவாத இரண்டு மாம்பழங்கள். அத்தை தண்ணீர் பாட்டில் எடுக்கிற சாக்கில் வந்து எல்லாவற்றையும் ஒரு நோட்டம் விடுகிறார். "ஸ்வீட்டு ஒண்ணும் பண்ணலியாம்மா? மாமாவை அனுப்பி ஏதாவது வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?"

ஆஹா, அந்தக் கேள்வி! அதைக் கேட்கத்தானே காலையிலிருந்து காத்திருக்கிறேன். "பாத்துக்கலாம் அத்தை, நீங்க போய் ஃபேனுக்கடியில உக்காருங்க" என்று முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொல்லி அனுப்பிவிட்டுச் சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்துகிறேன். நீங்கள் மட்டும் உள்ளே வாருங்கள். இங்கே நடக்கிற கூத்தைப் பார்க்க ஒருவராவது வேண்டாமா?

கிண்ணத்துக்குள் போகப்போவது நான்கே சாமான்: நுங்கு, மாம்பழம், இளநீர் வழுக்கை, பனங்கற்கண்டு போட்டுக் குளிரவைத்த தேங்காய்ப்பால். சமையல் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய ஒன்றும் கிடையாது. அடுப்பு எரிவது ஐந்து நிமிஷம், அதுவும் கற்கண்டு கரைவதற்காக. பாதி வேலை கடைத்தெருவிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி பரிமாறுவதற்கு முந்தைய பத்து நிமிஷத்தில். நடுவில் கிடக்கிற நேரம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரிய வேண்டும். அதுதான் கஷ்டம், சொல்லிவிட்டேன். சும்மா இருக்க முடியாதவர்கள் கேசரி கிளறலாம்.

ஃப்ரூட் சாலட் பண்ணியிருக்கலாமே என்பீர்கள். பண்ணலாம். கல்யாணப் பந்தியில் ஐஸ்கிரீமுக்கு அடியில் பதுங்கி வருகிற அந்த மஞ்சள் கஸ்டர்டிடம் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. 1837-ல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் சோளமாவை வைத்துக் கண்டுபிடித்த சமாசாரம் அது. முட்டை இல்லாததால்தான் நம்மூர்ச் சைவப் பந்தியிலும் கூச்சமில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் மேலே தூவுகிற அலங்காரங்கள் இருக்கின்றனவே! திரைமறைவு என்று வந்துவிட்ட பிறகு எதற்கு மறைக்க வேண்டும்? சிவப்பும் பச்சையுமாக மின்னுகிற டூட்டி ஃப்ரூட்டி, பப்பாளிக்காயைத் துண்டு போட்டுப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியது. உச்சியில் ஒய்யாரமாக வீற்றிருக்கும் செர்ரி பல நேரம் செர்ரியே கிடையாது. நம்மூர்க் களாக்காய், விதையைப் பறிகொடுத்துச் சிவப்புச் சாயத்தில் முங்கி எழுந்து வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கும்.

அன்னாசி இன்னொரு வம்பு. பச்சையாகப் பாலில் சேர்த்து வைத்தால் அதிலுள்ள புரோமிலைன் என்ற நொதி பால் புரதத்தைத் துண்டாடிக் கசக்கவைத்துவிடும். வாழைப்பழமோ நறுக்கிய கையோடு கறுக்க ஆரம்பித்துவிடும். இத்தனை பேருடைய கோபதாபங்களையும் பார்த்துக்கொண்டு, ஹாலில் இருக்கிறவர்களையும் கவனிப்பது என்னால் ஆகாது. நுங்குக்கும் மாம்பழத்துக்கும் அப்படிப் பகை எதுவும் கிடையாது.

மாம்பழத்துக்கான வேலை நாலைந்து நாள் முன்னாடியே தொடங்கிவிட்டது. இதற்குப் பங்கனப்பள்ளிதான். மல்கோவாவுக்கு ருசி கூடுதல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கத்தி பட்ட உடனே அது சாறாகிவிடும், கிண்ணத்தில் துண்டு என்று ஒன்று நிற்காது. இமாம் பசந்தை எதோடும் கலப்பது பாவம், அதைத் தனியாக மொட்டை மாடியில் உட்கார்ந்து தின்ன வேண்டும். நீலம் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. பங்கனப்பள்ளியில் நார் இல்லை, தோல் மெலிசு, சதுரமாக நறுக்கினால் முனை மழுங்காமல் நிற்கும். பெயர் கொடுத்த ஊர் ஆந்திராவின் நந்தியால் மாவட்டத்தில் இருக்கிறது, 2017-ல் ஆந்திரா அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. இருந்தாலும் எங்கள் வீட்டில் யாரும் அதை வெளியூர்ப் பழம் என்று நினைத்ததாகத் தெரியவில்லை.

முக்கால் பழுத்ததாக வாங்கி அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிடுவேன். பழம் தானே எத்திலீன் என்ற வாயுவை வெளியே விட்டுத்தான் பழுக்கிறது. அரிசிக்குள் அது தப்பிப் போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து வேலையைச் சீக்கிரம் முடிக்கும். பாட்டிமார்கள் வைக்கோலில் செய்ததும் இதேதான். கடையில் மேலெல்லாம் ஒரே சீராக மஞ்சளாக இருந்து, உள்ளே புளிக்கிற பழத்தைப் பார்த்தால் கல் வைத்துப் பழுக்க வைத்ததோ என்று சந்தேகப்பட வேண்டியதுதான். அந்தக் கல்லுக்கு, அதாவது கால்சியம் கார்பைடுக்கு, நம் நாட்டில் சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவுக்கு மட்டும் 100 பிபிஎம் வரை அனுமதி உண்டு. எதற்கு இந்தச் சந்தேகமெல்லாம்? காம்பு இருந்த இடத்தில் மூக்கை வைத்து இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், மணம்தான் சாட்சி.

ஒரு எச்சரிக்கை: காயாக இருக்கும்போது ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். குளிரில் பழுப்பது நின்றுபோய், தோல் கறுத்து, பிறகு எத்தனை நாள் வெளியே வைத்தாலும் ருசி வராது. நன்றாகப் பழுத்த பிறகு வைக்கலாம். அதற்கு முன் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்துக் காம்பருகே ஒட்டியிருக்கும் பாலைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். சிலருக்கு உதட்டோரம் புண் வருவதற்கு அந்தப் பால்தான் காரணம்.

நுங்குக்கு இந்த முன்கூட்டித் திட்டமெல்லாம் செல்லாது. அன்றைக்கு வெட்டி அன்றைக்கே தின்ன வேண்டிய சரக்கு. சென்னையில் சித்திரை வெயில் ஏறினால் சாலையோரத்தில் பனங்குலைகள் குவிந்துவிடும். கரும் ஊதாவில் பளபளக்கிற காய்கள், ஒரு சாக்கு, ஓர் அரிவாள், அவ்வளவுதான் கடை. இன்று காலை எங்கள் தெருமுனையில் நடந்தது இது.

"இளசா பாத்துக் குடுங்கண்ணே. பல்லு இல்லாத பெரியப்பா வர்றாரு."

"எல்லாம் இளசுதாம்மா. இந்தா, கையில வெச்சு ஆட்டிப் பாரு, உள்ள தண்ணி ஓடுறது தெரியும்."

ஆட்டிப் பார்த்தேன், ஓடியது! காயின் தலையில் ஒரே வெட்டு. மூன்று கண்கள் திறந்துகொண்டன (சில காயில் இரண்டுதான் இருக்கும், அதற்காகச் சண்டை போடக் கூடாது). கட்டைவிரலைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் சுளை முழுசாக வந்து கையில் விழுகிறது. விரலால் லேசாக அழுத்தினால் உள்வாங்க வேண்டும், நீர் அசைய வேண்டும். விறைப்பாக நின்றால் முற்றல், அதைக் கிண்ணத்தில் போட்டால் விருந்தாளி மென்றுகொண்டே இருப்பார். நாம் தின்பது பனங்காயின் விதைக்குள் இன்னும் இறுகாமல் இருக்கிற பகுதி. சில வாரம் விட்டால் அதுவே கொட்டையாகக் கெட்டிப்பட்டுவிடும். அந்தச் சில வாரத்துக்குள் ஒருவர் மரமேறிக் குலையை இறக்கினால்தான் நமக்கு நுங்கு. பனை நம் மாநில மரம்; மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021-ல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். மரம் நிற்கிறது, ஏறுகிற கால்கள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால் நுங்குக்காரரிடம் நான் பேரம் பேசுவதில்லை. அந்த ஆசையை இளநீர்க்காரரிடம் தீர்த்துக்கொள்கிறேன்.

இளநீரிலும் தண்ணீர் நிறைய இருக்கிறதா என்று கேட்காமல், "வழுக்கையா ரெண்டு குடுங்க" என்று கேட்க வேண்டும். கரண்டியால் வழித்தால் ஆடையாகச் சுருண்டு வருகிற பதம். கடித்துத் தின்கிற அளவுக்குப் போய்விட்டிருந்தால் அது சட்னிக்குத்தான் லாயக்கு.

சரி, இப்போது அந்தத் தூக்கின் மூடியைத் திறக்கிறேன், எட்டிப் பாருங்கள். இன்றைய ரகசியம் முழுக்க இதற்குள்தான். ஒரு நல்ல முற்றின தேங்காயைத் துருவி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, வெள்ளை வேட்டித் துணியில் பிழிந்த முதல் பால். இரண்டாம் பால் இதற்கு வேண்டாம், அது ராத்திரி சொதிக்குப் போகட்டும். பனங்கற்கண்டு 100 கிராம். அரை டம்ளர் தண்ணீரில் சூடாக்கிக் கரையவிட்டு வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் விடவே கூடாது, கட்டிக்குள் நூல் இருக்கும், கூடவே கொஞ்சம் மண்ணும் வரும். கருப்பட்டி போட்டால் ருசியில் குறையில்லை, ஆனால் பால் டீ நிறத்துக்கு மாறிவிடும். இன்றைக்கு எனக்கு வெள்ளை வெளேர் என்று இருந்தாக வேண்டும். பாகு நன்றாக ஆறிய பிறகே பாலில் சேர்க்க வேண்டும், சூட்டோடு ஊற்றினால் பால் திரிந்துபோகும். மூன்று ஏலக்காய், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம், நுங்குக்கென்று இருக்கிற மெல்லிய மணத்தை ஏலக்காய் அமுக்கிவிடும். ஒரு சிட்டிகை உப்பு. உப்பா என்று கேட்காதீர்கள், போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது அப்படித்தான். தேங்காய்ப்பாலில் இருப்பதும் அதே கொழுப்பு. ஃப்ரிட்ஜுக்குள் போனதும் மேலே ஏடாகத் திரண்டு, குடிக்கும்போது அண்ணத்தில் படலமாக ஒட்டும். அதற்குத்தான் வழுக்கை! பாதி வழுக்கையை அரை டம்ளர் இளநீரோடு மிக்ஸியில் மைய அரைத்துப் பாலில் கலந்துவிட்டேன். பால் இலேசாகிவிடுகிறது, வழவழப்பு மட்டும் போவதில்லை. மீதிக்கு ஒரு சின்ன வேலை: அடுக்களைக்குள் போகும்போதும் வரும்போதும் தூக்கை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கி வைப்பது. காலையிலிருந்து நான் ஏன் ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து மூடுகிறேன் என்று பெரியம்மாவுக்கு ஒரே குழப்பம்.

இனிப்பு சரியாக இருக்கிறதா என்று இப்போது ஒரு வாய் குடித்துப் பார்க்கிறீர்களா? குளிர்ந்த பால் கச்சிதமாக இருக்கும். ஆனால் ஃப்ரிட்ஜில் வைப்பதற்கு முன் ருசி பார்த்தபோது கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. இருக்க வேண்டும். குளிர்ச்சி ஏற ஏற நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவதும் இதனால்தான்.

சரி, கரண்ட் போனால்? மே மாதமாயிற்றே, அந்தப் பயமும் உண்டு. அகலமான பாத்திரத்தில் ஐஸ் கட்டியையும் இரண்டு கை கல்லுப்பையும் போட்டு நடுவில் தூக்கை இறக்கிவிட்டால் போதும். உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே குளிரும். குல்ஃபிக்காரரின் பானைக்குள் இருப்பதும் அதுதான்.

இனி நுங்கு உரிக்கிற மாநாடு. இதற்கு மட்டும் ஆள் சேர்த்துக்கொண்டேன்: எட்டாம் வகுப்பு முடித்திருக்கிற அக்கா மகள். தரையில் சம்மணம் போட்டு, நடுவே இரண்டு பாத்திரம், ஒன்று சுளைக்கு, ஒன்று ஒழுகுகிற நீருக்கு. சுளைகளைப் பத்து நிமிஷம் தண்ணீரில் போட்டு வைத்திருந்தோம், தோல் இளகிக் கொடுக்கும். அந்தத் தோல் துவர்க்கும், அதோடு போட்டால் பாலே துவர்த்துப் போகும், அதனால் விடக் கூடாது. ஓரத்தில் நகத்தால் கிளப்பிவிட்டு, கட்டைவிரலின் வயிற்றால் மெல்லத் தள்ளிக்கொண்டே போனால் இளம்பழுப்புத் தோல் சுருண்டு சுருண்டு கழன்று வரும். தோல் போன சுளையைக் கையில் பிடிப்பது, எண்ணெய் தேய்த்த கைக்குழந்தையைத் தொட்டியிலிருந்து தூக்குகிற மாதிரி ஒரு திகில். இறுக்கினால் கிழியும், தளர்த்தினால் நழுவும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு மடக்கு நீர் அங்குமிங்கும் ஆடுகிறது. கொஞ்சம் அழுத்தினேன், பீய்ச்சியடித்து என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது!

"சித்தி, நான் ஒண்ணு சாப்பிட்டா கணக்குல குறையுமா?"

"குறையும். பன்னிரண்டு சுளை, எட்டுப் பேரு. ஆனா கிழிஞ்சது கணக்குல வராது."

அதற்கப்புறம் நுங்கு கிழிவது திடீரென்று அதிகமாகிவிட்டது. நல்லவேளை, இப்படி ஆகும் என்று தெரிந்துதான் கூடுதலாக வாங்கி வைத்திருந்தேன்.

அடுத்த வழக்கு மாங்கொட்டை. பழம் இரண்டு, கொட்டை இரண்டு, வீட்டில் பிள்ளைகள் மூன்று. இதற்கு எந்தக் கணக்கு வாத்தியாரும் விடை சொல்ல முடியாது. கன்னத்தை வெட்டியெடுத்த பிறகு கொட்டையைச் சுற்றி ஒட்டியிருக்கிற சதையில்தான் மாம்பழத்தின் உயிரே இருக்கிறது என்பது எங்கள் வம்சத்தின் நம்பிக்கை. ஒரு கொட்டை உரித்த கூலியாக அக்கா மகளுக்கு என்று இங்கேயே, சாட்சிகள் முன்னிலையில் முடிவாகிவிட்டது. மற்றொன்றுக்காகப் பையன்கள் இரண்டு பேரும் பால்கனியில் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கை கழுவுகிற சத்தம் கேட்கிறதா? பந்தி முடிந்துவிட்டது. பத்து நிமிஷம்தான் இருக்கிறது, தள்ளி நில்லுங்கள்!

கிண்ணங்களை வெளியே எடுத்த உடனே வியர்த்துப் பனி பூக்கிறது. எடுத்து வைத்திருக்கிற பன்னிரண்டு சுளையில் கத்தியே படக் கூடாது, கையால் மூன்று நான்காகக் கிள்ளிப் போட வேண்டும். கிள்ளிய விளிம்பில்தான் பால் பிடிக்கும். மேலே ஒரு கரண்டி வழுக்கை. தூக்கைக் கடைசியாக ஒரு குலுக்கு, முக்கால் கிண்ணத்துக்குப் பால். பார்த்தீர்களா, வெள்ளைக்குள் வெள்ளை, உள்ளே ஏதாவது இருக்கிறது என்றே தெரியவில்லை! இப்போதுதான் மாம்பழத்தை நறுக்குகிறேன். முன்னாலேயே நறுக்கிச் சர்க்கரை தூவி வைப்பவர்கள் உண்டு. சர்க்கரை பழத்திலிருந்து நீரை இழுத்துவிட, துண்டுகள் துவண்டு அடியில் சாறு கட்டி நிற்கும். பாலில் முன்னாலேயே கலந்தாலும் நிறம் கசிந்து எல்லாம் வெளிர்மஞ்சளாகிவிடும். சதுரத் துண்டுகள், மேலே ஒரு குவியல், கலக்கக் கூடாது. கலக்குவது சாப்பிடுகிறவர் பாடு.

இந்த இடத்தில்தான் சபலம் வரும். "கொஞ்சம் முந்திரி நெய்யில வறுத்துப் போடேன்" என்று அம்மா எட்டிப் பார்த்துச் சொல்கிறார். நெய் குளிர்ந்த பாலில் பட்டதும் பொட்டுப் பொட்டாக உறைந்துவிடும் அம்மா. சப்ஜா விதை? பாதாம் பிசின்? இரண்டும் நல்ல சாமான்கள்தான், பாதாம் பிசின் இல்லாமல் மதுரை ஜிகர்தண்டாவே இல்லை. ஆனால் வழுவழுவென்று இருக்கிற நுங்குக்கு நடுவில் இன்னொரு வழுவழுப்பு எதற்கு? ஐஸ்கிரீம் ஒரு கரண்டி? அதற்குப் பிறகு வாயில் ஐஸ்கிரீம்தான் தெரியும். ஒன்றும் வேண்டாம், தட்டில் வை, கொண்டு போ!

ஹாலில் கிண்ணங்கள் இறங்கியதும் முதல் குரல் மாமாவுடையது. "என்னது இது, வெறும் பழம்தானே?" ஸ்பூன் உள்ளே போகிறது. அதற்குப் பிறகு மாமாவிடமிருந்து பேச்சையே காணோம், ஸ்பூன் கண்ணாடியில் இடிக்கிற சத்தம்தான் கேட்கிறது. அத்தை பாலை மட்டும் தனியாக ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, நாக்கால் துழாவி, "கற்கண்டு... ஏலக்காய்... இன்னும் என்னமோ இருக்கே, என்னம்மா போட்டே?" என்கிறார்.

"பழந்தான் அத்தை."

"பழம் எனக்குத் தெரியாதா? சொல்லுடி."

சொல்வேன், ஊருக்குக் கிளம்பும்போது. அதுவரை நானும் நீங்களும் மட்டும் தெரிந்தவர்கள். அந்தக் கர்வத்தோடு அடுக்களைக்குத் திரும்பி, உரிக்கும்போது சேர்ந்த நுங்குத் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து, துளி உப்புப் போட்டு, ஃப்ரிட்ஜ் மேல் சாய்ந்து நின்றபடியே குடிக்கிறேன். சமைத்தவருக்கான பங்கு இது, விருந்தாளிக் கணக்கில் வராது. உங்களுக்கும் அரை டம்ளர் வைத்திருக்கிறேன்.

கதவு மெல்லத் திறக்கிறது. பெரியப்பா. கையில் காலிக் கிண்ணம். இன்னொரு முறை கேட்க வந்திருக்கிறார் என்று தூக்கை எடுக்கப் போனால், அவர் கண் அந்தப் பக்கமே போகவில்லை.

"ஏம்மா, அந்த மாங்கொட்டை யாருக்காவது சொல்லி வெச்சிருக்கா? பல்லு இல்லாட்டி என்ன, சப்புறதுக்குப் பல்லு எதுக்கு?"

நான் என்ன செய்ய முடியும்? ஒன்று கூலியாகக் கைமாறிவிட்டது, இன்னொன்றுக்குப் பால்கனியில் இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை. அங்கே போய் மூன்றாவது ஆளாக உட்காரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.